அப்பாவுக்கு மைலோமா திரும்பிவிட்டது, ட்ரயலில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

செல்வி_நெல்லை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2021-இல் முதுகுவலி என்று எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருந்தது. அப்புறம் ரத்தம், சிறுநீர், போன் மேரோ என்று எல்லாம் பார்த்து மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைட் மாத்திரை, டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) மூன்றும் கொடுத்தார்கள். ஸ்டெம் செல் மாற்று செய்யலாம் என்றார்கள், அப்பா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அதன்பிறகு லெனலிடோமைட் 10 மி.கி. மட்டும் தொடர்ந்தது. மூன்று வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார். இப்போது ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் எம் ஸ்பைக் ஏறிக்கொண்டே வருகிறது, ஃப்ரீ லைட் செயினும் கூடவே. ஹீமோகுளோபின் 9.

சென்னையில் பார்க்கும் டாக்டர், மூன்றாம் கட்ட ட்ரயல் (புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) ஒன்று நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்கிறார். புது ஊசி ஒன்று, ‘பைஸ்பெசிஃபிக்’ வகையாம். பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கும் மருந்துகள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யுமாம். கையில் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள், தமிழில்தான், ஆனால் படித்தால் தலை சுற்றுகிறது.

அத்தை “எலிக்குப் போடுற மருந்தை என் தம்பிக்குப் போடாதே” என்று அழுகிறார். துபாயில் இருக்கும் தம்பி “புது மருந்து ஃப்ரீயா கிடைக்குது, யோசிக்காதே” என்கிறான். அப்பா “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு பயம். வெறும் சத்து மாத்திரையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பார்களா? புது ஊசி கிடைக்காவிட்டால் சென்னைக்கு அலைவதெல்லாம் வீண்தானே? டாரடுமுமாப் என்ற மைலோமா மருந்தை வெளியே வாங்கிப் போட எங்களுக்கு வசதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


கதிர்_மதுரை எழுதியது:

சகோதரி, என் அனுபவத்தில் சொல்கிறேன், வேண்டாம். என் பெரியப்பாவை (மைலோமா இல்லை, வேறு புற்றுநோய்) ஒரு பெரிய மருத்துவமனையில் இப்படித்தான் சேர்த்தார்கள். சேர்க்கும்வரை தினம் போன். பக்கவிளைவு வந்து ராத்திரி கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. எந்த மருந்து கொடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கம்பெனிக்கு டேட்டா வேண்டும், அவ்வளவுதான்.


ஜெயா_சிஸ்டர் எழுதியது:

செல்வி, நான் பல வருடம் புற்றுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, கடைசிக் காலத்தில் ட்ரயல் கோஆர்டினேட்டர் வேலை பார்த்தவள். இப்போது ஓய்வு. யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வருகிற எல்லோரும் புது மருந்து எப்படி என்றுதான் கேட்பார்கள். அதற்கு யாரிடமும் உறுதியான பதில் கிடையாது, இருந்திருந்தால் ட்ரயலே நடத்தமாட்டார்கள். நீ பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கம். புது ஊசி கிடைக்காதவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள்? அது அப்பாவின் இன்றைய நிலைமைக்கு நல்ல சிகிச்சைதான் என்றால் மேலே யோசி. மட்டமான சிகிச்சை என்றால் புது மருந்து அமிர்தமாகவே இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உன் அப்பா விஷயத்தில் இதற்கு ஒரு குறிப்பான அர்த்தம் உண்டு. லெனலிடோமைட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் ஏறியிருக்கிறது. அந்த மருந்துக்கு இனி அடங்காது என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒப்பீட்டுப் பக்கத்தில் லெனலிடோமைட்டை நம்பியிருக்கும் சிகிச்சை இருந்தால் அது அவருக்குப் பொருந்தாது. டாரடுமுமாப்போடு போர்டிசோமிப், அல்லது டாரடுமுமாப்போடு பொமாலிடோமைட், அல்லது கார்ஃபில்சோமிப் சேர்ந்த சிகிச்சை, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். தாளில் ‘ஒப்பீட்டுக் குழு’ என்றோ ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்றோ போட்டிருக்கும். அந்தப் பத்தியை மட்டும் முதலில் படி.

சத்து மாத்திரை பயத்துக்கு வருகிறேன். நோய் திரும்பி வந்தவர்களை வெற்று மாத்திரை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது மைலோமா ட்ரயல்களில் வழக்கமில்லை. வெற்று மாத்திரை இருந்தாலும் நிஜ சிகிச்சையோடு சேர்த்துத்தான் தருவார்கள். பெல்லினி என்று ஒரு ட்ரயல். 291 பேர். எல்லோருக்கும் போர்டிசோமிப், டெக்ஸா. கூடவே மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வெனெட்டோக்ளாக்ஸ் என்ற புது மாத்திரை, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வெனெட்டோக்ளாக்ஸ் பக்கம் நோய் கட்டுக்குள் இருந்த காலம் சராசரியாக 22 மாதத்துக்கு மேல், மறுபக்கம் 11 மாதத்துக்குச் சற்று அதிகம். கேட்டால் யாரும் புது மருந்துப் பக்கம்தான் ஓடுவார்கள். ஆனால் இறந்தவர்களை எண்ணினால் வெனெட்டோக்ளாக்ஸ் பக்கம் 194 பேரில் 41, வெற்று மாத்திரைப் பக்கம் 97 பேரில் 11. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டு, மைலோமாவில் அந்த மருந்துக்குப் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது. (11-ஆம் குரோமோசோமும் 14-ஆம் குரோமோசோமும் இடம் மாறியிருக்கும் நோயாளிகளுக்கு அந்த மருந்து நன்றாக வேலை செய்தது, அது தனிக் கதை.)

துபாய்த் தம்பிக்கும் ஒன்று சொல். மற்ற புற்றுநோய்களில் பெயர் வாங்கிய பெம்ப்ரோலிசுமாப்பை மைலோமா மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்த பக்கம் அதிகம் பேர் இறந்ததால் 2017 ஜூலையில் இரண்டு ட்ரயலையும் நிறுத்தினார்கள். புதுசு என்பதாலேயே நல்லது ஆகிவிடாது.

இதெல்லாம் அத்தையின் கட்சிக்கு வலு சேர்க்கிற மாதிரி இருக்கும். சேர்க்காது. வாரம் ஒருமுறை அப்பா டெக்ஸா 40 மி.கி. சாப்பிட்டிருப்பாரே, அந்த ‘வாரம் ஒருமுறை’ எங்கிருந்து வந்தது தெரியுமா? முன்பெல்லாம் மாதத்தில் முதல் நாலு நாள், அப்புறம் 9 முதல் 12, அப்புறம் 17 முதல் 20, அத்தனை நாளும் 40 மி.கி. மாதம் 480 மி.கி. ஆயிற்று. சுகர் எகிறும், முகம் வீங்கும், தூக்கமே கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்த்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 445 பேரை வைத்து, லெனலிடோமைட்டோடு அந்தப் பழைய அளவையும் வாரம் ஒருமுறை அளவையும் ஒப்பிட்டார்கள். எம் ஸ்பைக் அதிகம் பேருக்கு இறங்கியது பெரிய அளவில்தான். ஆனால் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பெரிய அளவில் 87 சதவீதம், சின்ன அளவில் 96. அதைப் பார்த்தவுடன் பெரிய அளவில் இருந்தவர்களையும் சின்ன அளவுக்கு மாற்றினார்கள். நடத்தியவர் அங்குள்ள மேயோ கிளினிக் மருத்துவமனையின் வின்சென்ட் ராஜ்குமார், நம் வேலூர் சிஎம்சியில் எம்பிபிஎஸ் படித்தவர். 2010-இல் ‘லேன்செட் ஆன்காலஜி’ மருத்துவ இதழில் அச்சில் வந்தது. கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுப் பிரித்திருக்காவிட்டால் ரிப்போர்ட்டில் எண் நன்றாக இறங்குகிறது என்று பெரிய அளவையே இன்னும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

உன்னிடம் சொன்ன பைஸ்பெசிஃபிக் ஊசியைப் பற்றி: அது ஒரு பக்கத்தால் மைலோமா செல்லையும் மறு பக்கத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அணுவான டி செல்லையும் பிடித்து இரண்டையும் நெருக்கி வைக்கிறது, டி செல் மைலோமா செல்லைக் கொல்கிறது. இந்த வகையில் டெக்லிஸ்டமாப் 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல மருந்து பார்த்துத் தோற்ற 165 பேரில் 63 சதவீதத்தினருக்கு நோய் இறங்கியது. நல்ல எண். ஆனால் சைட்டோகைன் எனும் பொருள்கள் ரத்தத்தில் எகிறி வரும் காய்ச்சல் 72 சதவீதத்தினருக்கு வந்தது, பெரும்பாலும் லேசாக. தொற்று 76 சதவீதத்தினருக்கு. காய்ச்சல் முதல் சில ஊசிகளோடு போய்விடும், அதற்காகத்தான் அப்போது வார்டில் படுக்க வைக்கிறார்கள். தொற்று பயம் கூடவே வரும். சென்னையிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள். ராத்திரி 101 டிகிரி காய்ச்சல் என்றால் நெல்லையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, அங்குள்ள டூட்டி டாக்டர் யாரை போனில் பிடிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கு. கதிர் தம்பி சொன்ன ராத்திரி போன் விஷயம் நிஜம். நானே அந்த போனை வைத்திருந்தவள், எடுக்காத கோஆர்டினேட்டர்களையும் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த நம்பருக்கு அடித்துப் பார். யாராவது எடுத்தால் பாதிக் கவலை விட்டது.

கதிர் தம்பிக்கு: பெரியப்பாவின் விஷயம் வருத்தமாக இருக்கிறது. எந்த மருந்து என்று கேட்டு எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அதில் எதிக்ஸ் கமிட்டி (நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனித்து ட்ரயலுக்கு ஒப்புதல் தரும் குழு) உறுப்பினர் செயலரின் போன் நம்பர் இருக்கும். மருத்துவமனையில் பதில் இல்லாவிட்டால் நேராக அங்கே எழுதலாம்.


பழனிவேல்_கோவை எழுதியது:

ஜெயா சிஸ்டர் சொன்ன எதிர்ப்பக்கத்தில் விழுந்தவன் நான். மைலோமாதான். கவரைப் பிரித்து “உங்களுக்குப் பழைய மருந்து” என்றதும் என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். பழைய மருந்து என்றால் டாரடுமுமாப்பும் மாத்திரைகளும். கையிலிருந்து காசு போட்டு அதை நான் ஒரு மாதம்கூட வாங்கியிருக்க முடியாது. இப்போது இரண்டாவது வருடம் ஓடுகிறது, எம் ஸ்பைக் இல்லை.

வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் ஊசி, நாலைந்து நிமிடம் மெதுவாக ஏற்றுவார்கள். முதல் இரண்டு மாதம் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் தாண்டினால் மாதம் ஒன்று. ஆரம்ப அலைச்சல்தான் பெரிது. ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் பில் இல்லாமல் ஒரு பைசா வராது. ஆட்டோக்காரரிடம் பில்லுக்கு எங்கே போவது?

ஒரு முக்கியமான விஷயம், இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. டாரடுமுமாப் போட ஆரம்பிப்பதற்கு முன்பே அப்பாவின் ரத்த வகையை விரிவாகப் பார்த்து அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மருந்து சிவப்பணுக்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும், ரத்தம் பொருந்துகிறதா என்று பிளட் பேங்கில் பார்க்கும்போது எதுவுமே பொருந்தாதது போலக் காட்டும். எனக்கு ஊரில் ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தபோது லேப்பில் குழம்பிப்போய் அரை நாள் காக்க வைத்துவிட்டார்கள். அட்டையைக் காட்டிச் சென்னைக்கு போன் போட்டுக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. கடைசி ஊசிக்கு அப்புறமும் ஆறு மாதம்வரை இது இருக்குமாம். பர்ஸில் ஆதாரோடு வைத்திருக்கிறேன்.


செல்வி_நெல்லை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜெயா அக்கா, நீங்கள் சொன்ன பத்தியைத் தேடிப் படித்தேன். ஒப்பீட்டுக் குழுவுக்கு டாரடுமுமாப், டெக்ஸா, கூட “போர்டிசோமிப் அல்லது பொமாலிடோமைட், ஆய்வு மருத்துவரின் தேர்வுப்படி” என்று இருக்கிறது. லெனலிடோமைட் இல்லை. எல்லா மருந்தும் இலவசம் என்றும் போட்டிருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். போர்டிசோமிப் போட்ட காலத்திலிருந்து அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போகும். செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நிற்பார். ராத்திரியில் எரிச்சல் வேறு. இதைச் சென்னை டாக்டரிடம் அவர் சொல்லவே இல்லை. “சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க, உனக்குத்தான் செலவு” என்கிறார். என்னையும் சொல்லக் கூடாது என்கிறார்.


ஜெயா_சிஸ்டர் எழுதியது:

சொல்லியே ஆக வேண்டும் செல்வி. அந்த மரத்துப்போதல் போர்டிசோமிப் கொடுத்தது. மறுபடியும் அதே மருந்தை ஏற்றினால் கூடும், சிலருக்கு உணர்வு திரும்பாமலே போய்விடும். அப்பா மறைத்து, டாக்டர் போர்டிசோமிப்பைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரும் அந்தப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று அவரிடமே கேள். செலவு மிச்சமாகும், கால் போகும்.

நல்ல வேளையாக இந்த ட்ரயலில் பொமாலிடோமைட் வழி இருக்கிறது. இது போன்ற ட்ரயல்களில் டாக்டர் தன் தேர்வைச் சீட்டுப் போடுவதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது வழக்கம், பிறகு மாற்ற முடியாது. அதனால் சேர்க்கலாமா என்று பார்க்கும் ஸ்கிரீனிங் நடக்கும்போதே பாத விஷயத்தைச் சொல்லி, “எதிர்ப்பக்கம் விழுந்தால் பொமாலிடோமைட்தானே?” என்று கேட்டுவிடு. மரத்துப்போதல் எந்த அளவு இருந்தால் சேர்க்கமாட்டார்கள் என்பதும் அவர்களிடம் எழுத்தில் இருக்கும். சேர்க்க முடியாது என்று வந்தால் அது அவருடைய காலைக் காப்பாற்றத்தான். ஹீமோகுளோபின் 9 பெரும்பாலும் தடையாக இருக்காது, பல இடங்களில் 8 இருந்தால் போதும்.

கூடவே இன்னும் சில. ட்ரயலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் இருக்கிறது, தாளிலும் இருக்க வேண்டும். சிடிஆர்ஐ என்ற மத்தியப் பதிவேட்டில் இந்த ட்ரயல் இருக்கிறதா என்று இணையத்தில் பார். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். உங்கள் மருத்துவமனையின் பெயரும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் நிலையும் அதில் தெரியும். அப்புறம், ட்ரயல் முடிந்த பிறகு மருந்து என்ன ஆகும் என்று கேள். புது மருந்துக்கு நோய் அடங்கி, வேறு வழியும் இல்லை என்றால் கமிட்டி பரிந்துரையில் கம்பெனி தொடர்ந்து கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் டாரடுமுமாப்பில் இருப்பவருக்கு? அது கடை மருந்து ஆயிற்றே. பழனிவேல் சார், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதை எழுத்தில் கேட்டு வையுங்கள். மைலோமா ட்ரயல்களில் எனக்குத் தீராத கோபம் இந்த ஒரு இடத்தில்தான்.

சேர்ந்துவிட்டால் மாத்திரை டப்பாவைக் காலியானாலும் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ட்ரேயில் கொட்டி எண்ணுவோம். டைரியில் 21 நாளுக்கும் டிக் போட்டிருக்கும், டப்பாவில் இரண்டு மிச்சம் கிடக்கும். “பேத்தி காதுகுத்துக்குப் போயிட்டேன் சிஸ்டர், அன்னிக்கு மறந்துட்டேன், நீங்க திட்டுவீங்கன்னு டிக் போட்டேன்” என்பார்கள். மறந்தால் மறந்தேன் என்று எழுதச் சொல்.

கடைசியாக, “உங்க இஷ்டம்” செல்லாது. கையெழுத்து அப்பாவுடையது. நான் இருந்த இடத்தில் எல்லோருக்கும் வீடியோ எடுத்தோம். எதிரே உட்கார வைத்து, “எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று டாக்டருக்கு முன்கூட்டித் தெரியுமா? பாதியில் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்போம். அவர் வாயால் பதில் வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் மகள் எடுத்துக் கொடுத்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம்.


கதிர்_மதுரை எழுதியது:

சிஸ்டர், பெரியம்மாவிடம் கேட்டேன், அந்தத் தாள் பீரோவில் இருக்கிறதாம். கமிட்டி நம்பரும் இருக்கிறது. எழுதப் போகிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம்: நடுவில் ஆட்கள் அதிகம் இறந்தால் அதை யார் பார்ப்பார்கள்? கம்பெனியேவா?


ஜெயா_சிஸ்டர் எழுதியது:

கம்பெனிக்கு வெளியே தனிக் குழு ஒன்று இருக்கும் தம்பி, மருத்துவர்களும் புள்ளியியல்காரர்களும். இரண்டு பக்க எண்ணையும் நடுவில் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத்தான் அனுமதி. பெம்ப்ரோலிசுமாப் ட்ரயல்களில் அதிக இறப்பு முதலில் தென்பட்டது அப்படிப்பட்ட குழுவின் கண்ணில்தான். பெரியம்மாவின் தாளை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.


செல்வி_நெல்லை எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கால் போகும் என்ற இடத்தில் டிவியை அணைத்தார். டாக்டரிடம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் முழுவதையும் அவரே படித்தார், எஸ்டிமேட் செக் பண்ணுகிற பழக்கம் விடவில்லை. இன்சூரன்ஸ் பற்றிய பக்கத்தில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாலிசி எடுத்திருக்கிறோம் என்கிறார்களே, பாலிசி எண்ணும் தேதியும் எங்கே என்று கேட்கிறார். கேட்கலாமா?


ஜெயா_சிஸ்டர் எழுதியது:

தாராளமாக. இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியும் அதை என்னிடம் கேட்டதில்லை. காலாவதித் தேதியையும் சேர்த்துக் கேட்கச் சொல். பாலிசி நகல் கமிட்டி ஃபைலில் இருக்கும், கோஆர்டினேட்டர் எடுத்துக் காட்ட வேண்டும்.